வார்டில் இதயம் நின்றால்: தலைமாட்டில் நிற்பவருக்கான முழு வழிகாட்டி

ஹவுஸ் சர்ஜன்கள், ஸ்டாஃப் நர்ஸ்கள், எமர்ஜென்சி டெக்னீஷியன்கள் ஆகியோருக்காக எழுதியது இது. நோயாளியின் இதயம் நின்றதும் தலைமாட்டில் நின்று மூச்சுப்பாதையைக் கவனிப்பவர் எதை எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பதுதான் விஷயம். மார்பு அழுத்தம், ஷாக், மருந்து எல்லாம் இந்த வேலையோடு உரசும் இடங்களில் மட்டும் வரும். இதைப் படித்துவிட்டு நேரே நோயாளியிடம் போகாதீர்கள். முதலில் பொம்மையில் கை பழக வேண்டும்.

புதிதாக வருபவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். ஓடி வந்ததும் லாரிங்கோஸ்கோப்பை, அதாவது குரல்நாணைப் பார்க்க உதவும் விளக்குக் கருவியை, தேடுகிறார்கள். மாஸ்க் முகத்தில் பொருந்தவில்லை, ஆக்சிஜன் திறக்கவில்லை, வாயில் வாந்தி நிற்கிறது, ஆனால் ட்யூப் (வாய் வழியே மூச்சுக்குழாய்க்குள் இறக்கும் குழாய்) போட்டாக வேண்டும் என்ற அவசரம். எளிய படியில் தொடங்குங்கள். அது போதாதபோது மட்டும் அடுத்த படிக்குப் போங்கள். எந்தப் படிக்காகவும் மார்பு அழுத்தத்தை நிறுத்தி வைக்காதீர்கள். கீழே உள்ளதெல்லாம் இதன் விரிவுதான்.

1. ஷிஃப்ட் தொடங்கும்போதே பார்த்து வைக்க வேண்டியவை

கிராஷ் கார்ட்டில் (அவசரப் பொருள்கள் வைக்கும் தள்ளுவண்டி) பொருள் இருப்பது வேறு, அது வேலை செய்வது வேறு. கணக்குப் புத்தகத்தில் டிக் அடித்திருக்கும், எடுத்துப் பார்த்தால் லாரிங்கோஸ்கோப் எரியாது. அதனால் கையால் தொட்டுப் பாருங்கள்.

ஆம்பு பேக் (கையால் அமுக்கி மூச்சு கொடுக்கும் பை): நோயாளி பக்கத்து வாயை உள்ளங்கையால் அடைத்துக்கொண்டு பேக்கை அமுக்குங்கள். காற்று எங்கும் கசியாமல் கை எதிர்ப்பை உணர வேண்டும். கையை எடுத்துவிட்டு அமுக்கினால் வால்வு திறந்து மூட வேண்டும். கழுவிக் காயவைத்து மாட்டும்போது வால்வைத் தலைகீழாக மாட்டிவிடுவது அடிக்கடி நடக்கிறது. இந்தச் சோதனையில் அது உடனே தெரிந்துவிடும். ஆக்சிஜன் சேரும் ரிசர்வாயர் பை தனியாக எங்கோ கிடக்காமல் பேக்கோடு இருக்கிறதா என்றும் பாருங்கள். அது இல்லாவிட்டால் எவ்வளவு ஆக்சிஜன் திறந்தாலும் பாதிக்குப் பாதி வெளிக்காற்றுதான் போகும்.

சிலிண்டர்: சாவி. எங்கள் பக்கத்து வார்டுகளில் அதிகம் காணாமல் போகும் பொருள் இதுதான். சிலிண்டர் நிறைந்திருக்கும், திறக்கும் சாவி அடுத்த வார்டில் இருக்கும். சாவியைக் கயிறு போட்டு சிலிண்டர் கழுத்திலேயே கட்டிவிடுங்கள். சுவரில் ஆக்சிஜன் லைன் இருந்தால் ஃப்ளோமீட்டரில் உருண்டை ஏறுகிறதா என்று ஒரு தடவை திறந்து பார்த்துவிடுங்கள்.

சக்ஷன்: ஆன் செய்து ட்யூபை மடக்கிப் பிடித்தால் முள் 300 மி.மீ. மெர்குரிக்கு மேல் ஏற வேண்டும். தடிமனான யாங்கர் முனை கூடவே இருக்க வேண்டும். மெல்லிய சக்ஷன் கத்தீட்டரில் சோற்றுப் பருக்கை வராது.

லாரிங்கோஸ்கோப்: பிளேடை மாட்டி விரியுங்கள். வெளிச்சம் மங்கலாகவோ மஞ்சளாகவோ இருந்தால் பேட்டரியை அப்போதே மாற்றிவிடுங்கள். பல்பைத் திருகி இறுக்குங்கள். 3, 4 என இரண்டு அளவு பிளேடும் வேண்டும்.

இவற்றோடு பெரியவர்களுக்கான இரண்டு அளவு மாஸ்க், 80, 90, 100 மி.மீ. வாய்வழி ஏர்வே (நாக்கு பின்னால் விழாமல் தடுக்கும் வளைந்த குழாய்), 3, 4, 5 அளவு ஐ-ஜெல் (குரல்வளையின் மேல் உட்காரும் மூச்சுக் கருவி), 7 முதல் 8 வரை ட்யூப்கள், பூஜி (ட்யூபுக்கு வழிகாட்டும் நீண்ட மெல்லிய குச்சி), 10 மி.லி. சிரிஞ்ச், ஜெல்லி, ட்யூப் கட்டும் நாடா.

2. நின்றுவிட்டதா என்று உறுதி செய்வது

தோளைத் தட்டிக் கூப்பிடுங்கள். பதில் இல்லையென்றால் ஆள் கூப்பிட்டுக்கொண்டே மூச்சையும் கழுத்துப் பல்ஸையும் ஒரே நேரத்தில் பாருங்கள். 10 விநாடிக்கு மேல் வேண்டாம். பல்ஸ் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகமாக இருந்தால் இல்லை என்றே வைத்துக்கொண்டு அழுத்தத் தொடங்குங்கள். ஓடிக்கொண்டிருக்கும் இதயத்தைக் கொஞ்ச நேரம் அழுத்துவதால் வரும் கெடுதல், நின்ற இதயத்தை அழுத்தாமல் விடுவதால் வரும் கெடுதலுக்குப் பக்கத்தில் கூட வராது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. இதயம் நின்ற முதல் சில நிமிடங்களில் பலருக்கு விட்டு விட்டு ஒரு இழுப்பு வரும். வாய் திறக்கும், தாடை அசையும், தொண்டையில் சத்தம் கேட்கும். உடன் இருக்கும் அட்டெண்டர், “மூச்சு விடுறாரு டாக்டர், இப்பதான் விட்டாரு” என்பார். அது மூச்சு இல்லை. சிலருக்கு அந்த நேரத்தில் கைகால் வெட்டும். ஃபிட்ஸ் என்று நினைத்து மிடாஸோலம் எடுக்கப் போவார்கள். பல்ஸைத் தொட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் ஊசியைப் பற்றி யோசியுங்கள்.

3. அழுத்தம் முதலில், தலைமாடு அடுத்து

முதலில் வந்து சேரும் ஆள் மார்பை அழுத்த வேண்டும். நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 முதல் 6 செ.மீ. ஆழம், ஒவ்வொரு தடவையும் மார்பு முழுதாக மேலே வர விட வேண்டும். டிஃபிப் (ஷாக் கொடுக்கும் கருவி) வந்ததும் பேட் ஒட்டி ரிதம் பார்க்க வேண்டும். இரண்டாவதாக வருபவர்தான் தலைமாட்டுக்குப் போக வேண்டும்.

காரணம்: தொடர்ந்து அழுத்தும்போதுதான் இதயத் தசைக்குப் போகும் ரத்தத்தின் அழுத்தம் மெல்ல மெல்ல ஏறுகிறது. நிறுத்தினால் சட்டென்று விழுந்துவிடும். மறுபடி ஏறுவதற்குப் பல அழுத்தங்கள் வேண்டும். திடீரென்று இதயம் நின்றவரின் ரத்தத்தில் முதல் சில நிமிடங்களுக்கு ஆக்சிஜன் மிச்சம் இருக்கும். அதை மூளைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் அந்த நேரத்து அவசரம். ஆக்சிஜன் குறைந்து, அதனாலேயே நின்றவர்களுக்கு இந்தக் கணக்கு மாறும். அதைப் பகுதி 12-ல் சொல்கிறேன்.

4. நிற்க இடம் செய்துகொள்வது

வார்டுக் கட்டில்களின் தலைமாடு சுவரோடு ஒட்டியிருக்கும். அந்த இடுக்கில் பக்கவாட்டில் சாய்ந்து நின்று மாஸ்க் பிடிக்கப் பார்ப்பவர்களை எத்தனையோ தடவை பார்த்தாயிற்று. அந்த நிலையில் யாராலும் தாடையைத் தூக்க முடியாது. கட்டிலின் சக்கரப் பூட்டை எடுத்து, ஒரு முழம் முன்னால் இழுத்து, மறுபடி பூட்டுங்கள். தலைப்பக்கப் பலகை கழன்று வரும் கட்டிலாக இருந்தால் கழற்றிவிடுங்கள். ட்ரிப் ஸ்டாண்ட், ஸ்டூல், தண்ணீர் பாட்டில், சாப்பாட்டுக் கூடை எல்லாவற்றையும் தள்ளச் சொல்லுங்கள். மெத்தையைத் தட்டையாக்குங்கள். காற்று மெத்தை என்றால் காற்றை இறக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் அழுத்தம் மெத்தைக்குள்தான் போகும். இத்தனைக்கும் மார்பு அழுத்தம் நிற்க வேண்டியதில்லை.

5. வாயைப் பார்த்துச் சுத்தம் செய்வது

மாஸ்க் வைப்பதற்கு முன் வாயைத் திறந்து பாருங்கள். சளி, வாந்தி, ரத்தம் இருந்தால் முதலில் சக்ஷன். பார்க்காமல் காற்றை அடித்தால் வாயில் இருப்பதை நாமே நுரையீரலுக்கு அனுப்பியதாகும்.

யாங்கர் முனையைக் கண்ணில் தெரியும் இடம் வரைதான் கொண்டு போக வேண்டும். வெளியே இழுக்கும்போது உறிஞ்சுங்கள், ஒரு தடவைக்கு 10 விநாடி போதும். கண்ணுக்குத் தெரியாததை விரல் விட்டுத் துழாவ வேண்டாம், இன்னும் உள்ளே போய்விடும். பொய்ப்பல் செட் இறுக்கமாக இருந்தால் இப்போதைக்கு இருக்கட்டும், கன்னம் உள்வாங்காமல் மாஸ்க் நன்றாகப் பொருந்தும். ஆடினால் எடுத்துவிடுங்கள்.

6. பாதையைத் திறந்து ஏர்வே போடுவது

நினைவிழந்தவருக்கு நாக்கும் தொண்டைத் தசையும் தளர்ந்து பின்னால் விழுந்து பாதையை அடைக்கும். நெற்றியில் ஒரு கை, தாடை எலும்பின் கீழ் இரண்டு விரல். தலையைப் பின்னால் சாய்த்து தாடையை மேலே தூக்குங்கள். விரல் எலும்பில் இருக்க வேண்டும். தாடைக்குக் கீழே உள்ள மெத்தென்ற சதையை அமுக்கினால் நாக்கைத்தான் மேலே தள்ளுகிறீர்கள்.

பருமனானவர்களுக்குத் தலையைச் சாய்த்தால் மட்டும் போதாது. மடித்த பெட்ஷீட்டைத் தலைக்கடியில் வையுங்கள். பக்கவாட்டில் இருந்து பார்த்தால் காதுத் துளையும் மார்பெலும்பின் மேல் பள்ளமும் ஒரே மட்டத்தில் வர வேண்டும்.

அடுத்து வாய்வழி ஏர்வே. அளவு பார்க்க வாயோரத்தில் ஒரு முனையை வைத்தால் மறுமுனை தாடைக் கோணத்தைத் தொட வேண்டும். சின்னதாக இருந்தால் நாக்கை உள்ளே தள்ளும், பெரிதாக இருந்தால் குரல்வளை மூடியை அழுத்தி அடைக்கும். பெரியவர்களுக்குத் தலைகீழாக நுழைத்து, பாதி போனதும் திருப்பி இறக்குங்கள். குழந்தைகளுக்குத் திருப்ப வேண்டாம், மேலண்ணம் கிழியும். நாக்கை டங் டிப்ரஸரால் அழுத்திக்கொண்டு நேராகவே போடுங்கள். குமட்டினாலோ கடித்தாலோ எடுத்துவிடுங்கள்.

வாய் திறக்கவே இல்லையென்றால் மூக்குவழி ஏர்வே. மூக்கு நுனியில் இருந்து காது மடல் வரை நீளம், நிறைய ஜெல்லி. மண்டையோட்டின் அடிப்பகுதி உடைந்திருக்கலாம் என்று சந்தேகம் இருந்தால் இதைத் தவிர்க்கலாம்.

7. மாஸ்க் பிடிப்பது

நேரம் செலவழித்துப் பழக வேண்டிய படி இதுதான். மாஸ்க்கின் குறுகிய முனை மூக்கின் மேல், அகன்ற முனை கீழுதட்டுக்கும் முகவாய்க்கும் இடையில். கண்ணில் ஏறக் கூடாது, முகவாய்க்குக் கீழே தொங்கவும் கூடாது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மாஸ்க்கைச் சுற்றி. மற்ற மூன்று விரல்களும் தாடை எலும்பின் மேல், சுண்டுவிரல் தாடைக் கோணத்துக்குப் பின்னால்.

இப்போது எல்லோரும் செய்யும் தவறு வரும். மாஸ்க்கை முகத்தின் மீது அமுக்குவார்கள். அமுக்க அமுக்கத் தாடை கீழே போகும், நாக்கு பின்னால் போகும், பாதை அடைபடும். காற்று போகவில்லையே என்று இன்னும் அமுக்குவார்கள். செய்ய வேண்டியது இதற்கு நேர் எதிர்: தாடையைத் தூக்கி மாஸ்க்குக்குள் கொண்டு வர வேண்டும்.

ஒரு கையால் இதைச் சரியாகச் செய்யக் கூடியவர்கள் குறைவு, குறிப்பாகக் கை சின்னதாக இருப்பவர்கள். அதனால் ஆள் இருந்தால் தொடக்கத்திலேயே இரண்டு கைப் பிடிக்குப் போய்விடுங்கள். இரண்டு கட்டைவிரல்களின் அடிச்சதையும் மாஸ்க்கின் இரு பக்கமும் படியட்டும், நான்கு நான்கு விரல்களால் இரு பக்கத் தாடைக் கோணத்தையும் தூக்குங்கள். பேக்கை வேறொருவர் அமுக்கட்டும். ஆள் இல்லையென்றால் 30 அழுத்தம் முடித்தவரே கையை நீட்டி இரண்டு தடவை பேக்கை அமுக்கிவிட்டு மறுபடி அழுத்தத்துக்குப் போகலாம். இரண்டு கைப் பிடி திறமைக் குறைவின் அடையாளம் என்று நினைக்கும் ஜூனியர்கள் இன்னும் இருக்கிறார்கள். மயக்க மருந்து டாக்டர்களே கஷ்டமான முகத்துக்கு இரண்டு கையைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

தாடி இருந்தால் மாஸ்க் படியும் இடத்தில் ஜெல்லியைத் தாராளமாகப் பூசுங்கள். பல் இல்லாத கன்னம் உள்வாங்கினால் மடித்த காஸைக் கன்னத்துக்குள் வைக்கலாம். எண்ணிக்கை சொல்லி வைத்துக்கொண்டு அப்புறம் மறக்காமல் எடுங்கள்.

8. பேக்கை அமுக்குவது: கொஞ்சமாக, மெதுவாக

ஆக்சிஜனை நிமிடத்துக்கு 15 லிட்டரில் திறந்து ரிசர்வாயர் பை உப்பியிருப்பதைப் பாருங்கள். பை சுருங்கிக் கிடந்தால் ட்யூப் எங்கோ கழன்றிருக்கிறது. பல சமயம் நோயாளியின் பழைய ஆக்சிஜன் மாஸ்க்தான் ஃப்ளோமீட்டரில் மாட்டியபடி தலையணையில் ஊதிக்கொண்டிருக்கும்.

ட்யூபோ ஐ-ஜெல்லோ போடாத வரை 30 அழுத்தம், 2 மூச்சு. ஒவ்வொரு மூச்சும் 1 விநாடி. மார்பு லேசாக உயர்வது கண்ணுக்குத் தெரிந்தால் போதும். அதற்கு 500 முதல் 600 மி.லி. காற்று போதும். பெரியவர்களுக்கான பேக்கில் சுமார் ஒன்றரை லிட்டர் பிடிக்கும். ஆக, மூன்றில் ஒரு பங்குதான். ஒரு கையால், விரல்களை மட்டும் மடக்கி அமுக்கினாலே அது கிடைத்துவிடும். இரண்டு கையாலும் பிழிய வேண்டாம்.

வேகமாகவும் நிறையவும் அமுக்கினால் இரண்டு கெடுதல். முதலாவது, காற்று உணவுக்குழாய் வழியே வயிற்றுக்குப் போகும். வயிறு உப்பும், உதரவிதானம் மேலே ஏறும், அப்புறம் வாந்தி. அதிலிருந்து மீள்வதற்குள் பல நிமிடம் போய்விடும். இரண்டாவது கெடுதல் கண்ணுக்குத் தெரியாது. மார்புக்குள் அழுத்தம் கூடினால் உடம்பில் இருந்து இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறையும். இதயம் நிறையாமல் மார்பை எவ்வளவு அழுத்தினாலும் வெளியே போக ரத்தம் இல்லை. மூச்சு கொடுக்கிறேன் என்று அழுத்துபவரின் உழைப்பைக் கெடுத்துவிடுகிறோம்.

பதற்றத்தில் கை தன்னால் வேகமெடுக்கும், நன்றாகப் பழகியவர்களுக்கும். அதனால் மனக்கணக்கை நம்பாதீர்கள். அழுத்துபவர் சத்தமாக எண்ணட்டும், “இருபத்தெட்டு, இருபத்தொன்பது, முப்பது” என்றதும் இரண்டு மூச்சு. இரண்டுக்கும் சேர்த்து அழுத்தம் நிற்கும் நேரம் 10 விநாடியைத் தாண்டக் கூடாது, 5 விநாடியில் முடிந்தால் இன்னும் நல்லது. இரண்டாவது மூச்சு முழுதாக வெளியேறும் வரை அழுத்துபவர் காத்திருக்க வேண்டியதில்லை.

9. மார்பு உயராவிட்டால்

இரண்டு மூச்சும் போகவில்லை என்றால் மூன்றாவது, நான்காவது என்று அங்கேயே முயன்றுகொண்டிருக்க வேண்டாம். அழுத்தம் தொடரட்டும். அந்த 30 எண்ணிக்கைக்குள் நீங்கள் கோளாறைத் தேடுங்கள்.

தலை நிலையை மாற்றுங்கள். தாடையை இன்னும் தூக்குங்கள். ஏர்வே போடாமல் இருந்தால் போடுங்கள், போட்டிருந்தால் அளவு சரியா பாருங்கள். இரண்டு கைப் பிடிக்கு மாறுங்கள். மாஸ்க் ஓரத்தில் உஸ் என்று சத்தம் கேட்டால் பிடியில் கசிவு. சத்தமே இல்லாமல் பேக் கல்லாக இருந்தால் அடைப்பு.

பக்கவாதம் வந்து விழுங்கச் சிரமப்படுபவருக்குச் சாப்பாட்டு நேரத்தில் இதயம் நின்றால் தொண்டையைச் சந்தேகப்படுங்கள். லாரிங்கோஸ்கோப்பால் பார்த்து, இட்லித் துண்டோ பழமோ தெரிந்தால் மேகில் ஃபோர்செப்ஸால் (வளைந்த நீண்ட இடுக்கி) எடுக்க வேண்டும்.

வாந்தி பொங்கினால் தலையைப் பக்கவாட்டில் திருப்பி, கட்டிலின் தலைப்பக்கத்தைத் தாழ்த்தி, சக்ஷன் போடுங்கள். வாந்தி வராமல் இருக்கட்டும் என்று தொண்டைக் குருத்தெலும்பை அமுக்கச் சொல்வது பழைய பழக்கம். அது காற்றுப் போவதையே தடுக்கக் கூடும் என்பதால் இதயம் நின்றவருக்கு வழக்கமாகச் செய்யும் வேலைகளில் இப்போது அது இல்லை.

10. ஷாக் கொடுக்கும் நேரத்தில் தலைமாடு

“எல்லாரும் விலகுங்க” என்றதும் மாஸ்க்கைக் கையில் பிடித்தபடி ஒரு அடி பின்வாங்கினால் போதாது. ஊதிக்கொண்டிருக்கும் ஆக்சிஜனை நோயாளியின் மார்பில் இருந்து குறைந்தது 1 மீட்டர் தள்ளி வையுங்கள். பேடில் இருந்து பொறி பறந்தால் ஆக்சிஜன் சூழ்ந்த துணி சட்டென்று பற்றும். தலையணை மேலோ நோயாளியின் தோள் மேலோ வைப்பதுதான் வழக்கமான தவறு. ட்யூபோ ஐ-ஜெல்லோ போட்டு பேக் இறுக்கமாக மாட்டியிருந்தால் கழற்ற வேண்டாம், கையை மட்டும் எடுங்கள். ஷாக் முடிந்ததும் பல்ஸ் தேடாமல் அழுத்தம் உடனே தொடங்க வேண்டும், 2 நிமிடத்துக்கு.

மருந்தைப் பற்றி இரண்டு வரி. அட்ரினலின் 1 மி.கி., 3 முதல் 5 நிமிடத்துக்கு ஒரு தடவை, பின்னாலேயே 20 மி.லி. சலைன், நோயாளியின் கையைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். மானிட்டரில் நேர்கோடு வந்ததும் அட்ரோபின் உடைப்பது 2010-க்கு முந்தைய பழக்கம்.

11. ஐ-ஜெல்லா, ட்யூபா?

மாஸ்க்கில் மார்பு நன்றாக உயர்கிறது, இரண்டு மூன்று சுற்றில் பல்ஸ் திரும்பிவிடும் போலிருக்கிறது என்றால் அப்படியே போகலாம். நேரம் நீள்கிறது, மாஸ்க் சரிவரவில்லை, ஆள் குறைவு என்றால் அடுத்த படி. அந்தப் படி ட்யூபாக இருந்தாக வேண்டும் என்பதில்லை. 2018-ல் இங்கிலாந்தில் ஆம்புலன்ஸ் ஊழியர்கள் கவனித்த 9,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் ஐ-ஜெல்லையும் ட்யூபையும் ஒப்பிட்டார்கள். 30 நாள் கழித்து நல்ல நிலையில் இருந்தவர்கள் விகிதத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஐரோப்பிய வழிகாட்டுதல் ட்யூபை இரண்டு முயற்சிக்குள் 95 சதவீதத்துக்கு மேல் வெற்றியாகப் போடக் கூடியவர்களிடம் மட்டும் ஒப்படைக்கச் சொல்கிறது. ஹவுஸ் சர்ஜன்கள் அந்தக் கணக்கில் வர மாட்டார்கள், வர வேண்டிய அவசியமும் இல்லை.

ஐ-ஜெல் போடுவது: எடை 30 முதல் 60 கிலோ என்றால் அளவு 3, 50 முதல் 90 என்றால் 4, அதற்கு மேல் 5. பின்புறத்திலும் பக்கங்களிலும் ஜெல்லி. முகவாயைக் கீழே இழுத்து, மேலண்ணத்தை ஒட்டியே வழுக்கிக்கொண்டு போய், எதிர்ப்பு வரும் வரை தள்ளுங்கள். பல் கோடு பைட் பிளாக் குறியில் நிற்க வேண்டும். ட்யூபில் இருப்பது போலக் காற்று ஏற்றும் கஃப் (சின்ன பலூன்) இதில் கிடையாது. அழுத்தம் நிற்காமலேயே போடலாம். போட்டதும் நாடாவால் கட்டிவிடுங்கள், விட்டால் மேலே வந்துவிடும்.

ட்யூப் போடுவதென்றால் எல்லாவற்றையும் முதலில் தயாராக வைக்க வேண்டும். பெண்களுக்கு 7 அல்லது 7.5, ஆண்களுக்கு 7.5 அல்லது 8. கஃபில் காற்று ஏற்றிப் பார்த்து இறக்குங்கள். ட்யூபை விறைப்பாக்க உள்ளே விடும் கம்பியான ஸ்டைலெட்டின் முனை ட்யூபுக்கு வெளியே நீளக் கூடாது. பூஜி வலது கைப் பக்கம், சக்ஷன் தலையணைக்கடியில், ஐ-ஜெல் பிரித்து பக்கத்தில். அழுத்தம் நடந்துகொண்டிருக்கும்போதே பிளேடை உள்ளே விட்டுக் குரல்நாணைப் பாருங்கள். ட்யூப் நாணைத் தாண்டும் கணத்துக்கு மட்டும் நிறுத்தச் சொல்லலாம், 5 விநாடிக்குள். “கொஞ்சம் நிறுத்துங்க, தெரியல” என்று சொல்லி அரை நிமிடம் தேடுவதற்கு அனுமதி இல்லை. தெரியவில்லையா, வெளியே வாருங்கள், மாஸ்க்கில் இரண்டு மூச்சு, அப்புறம் ஐ-ஜெல்.

பெண்களுக்கு 21 செ.மீ., ஆண்களுக்கு 23 செ.மீ. குறி முன்பல்லில் நிற்பது வழக்கமான ஆழம். அதிகம் தள்ளினால் வலது நுரையீரலுக்குள் மட்டும் போய்விடும்.

ட்யூப் சரியான இடத்தில் இருப்பதை உறுதி செய்வதற்கு நம்பகமானது காப்னோகிராஃப் (வெளிவரும் மூச்சில் உள்ள கார்பன் டை ஆக்சைடைக் காட்டும் கருவி) அலைதான். இதயம் நின்றிருந்தாலும் சரியாக அழுத்தினால் சின்ன அலையாவது வரும். கோடு தட்டையாக இருந்தால் ட்யூப் உணவுக்குழாயில் இருக்கிறது என்றே எடுத்துக்கொண்டு வெளியே எடுங்கள். ட்யூபில் பனி படிகிறது என்பதை நம்ப வேண்டாம், உணவுக்குழாயில் இருந்தாலும் படியும். ஸ்டெத்தை முதலில் வயிற்றில் வையுங்கள். களகள என்று கேட்டால் மார்புக்குப் போகவே தேவையில்லை. அப்புறம் இரண்டு பக்க மார்பின் முன்புறமும் அக்குள் பக்கமும். காப்னோகிராஃப் இல்லாத வார்டில் ட்யூபை விட ஐ-ஜெல்லோடு நிறுத்திக்கொள்வதே நல்லது என்பது என் கருத்து.

ட்யூபோ ஐ-ஜெல்லோ போட்ட பிறகு கணக்கு மாறுகிறது. அழுத்தம் நிற்காமல் ஓடட்டும், நீங்கள் 6 விநாடிக்கு ஒரு மூச்சு, நிமிடத்துக்கு 10. சுவர்க் கடிகாரத்தின் விநாடி முள்ளைப் பார்த்துக் கொடுங்கள். ஐ-ஜெல்லில் கசிவு அதிகமாகி மார்பு உயராவிட்டால் மறுபடி 30-க்கு 2.

காப்னோகிராஃபில் 10 மி.மீ. மெர்குரிக்குக் கீழே இருந்தால் அழுத்தத்தின் தரத்தைப் பாருங்கள், ஆள் களைத்திருப்பார், மாற்றுங்கள். 2 நிமிடத்துக்கு ஒரு தடவை எப்படியும் மாற்ற வேண்டும். திடீரென்று 35, 40 என்று ஏறினால் இதயம் ஓடத் தொடங்கியிருக்கலாம்.

நன்றாகப் போய்க்கொண்டிருந்த பேக் திடீரென்று இறுகினால் நான்கு விஷயம் பாருங்கள்: ட்யூப் நகர்ந்ததா, சளியால் அடைத்ததா, ஒரு பக்க நுரையீரலைச் சுற்றிக் காற்று சேர்ந்ததா, கருவியில் கோளாறா. மாஸ்க், ஐ-ஜெல், ட்யூப் எதிலுமே காற்று போகவில்லை என்றால் கழுத்தின் முன்பக்கம் கிரிகோதைராய்டு சவ்வைத் திறப்பது ஒன்றுதான் வழி. அதைப் பயின்றவர் வரும் வரை காத்திருக்காமல், அந்த நிலை வரக் கூடும் என்று தோன்றும்போதே அவரைக் கூப்பிட்டுவிடுங்கள்.

12. வரிசை மாறும் நோயாளிகள்

குழந்தைகள்: பெரும்பாலும் மூச்சுக் கோளாறால்தான் இதயம் நிற்கிறது. ஆகவே மூச்சுக்கு முதல் மரியாதை. இரண்டு பேர் இருந்தால் 15-க்கு 2. கைக்குழந்தையின் கழுத்தை அதிகம் சாய்க்க வேண்டாம், முகம் கூரையைப் பார்த்தபடி நேராக இருந்தால் போதும். குழந்தைகள் பேக்கில் அதிக அழுத்தத்தைத் தடுக்கும் பாப்-ஆஃப் வால்வு இருக்கும். மார்பு உயராதபோது அது திறந்துகொண்டு காற்றை வெளியே விடுகிறதா பாருங்கள்.

நீரில் மூழ்கியவர், தூக்கில் தொங்கியவர், ஆஸ்துமா முற்றியவர்: இவர்களுக்கு ரத்தத்தில் ஆக்சிஜன் மிச்சம் இல்லை. வெறும் அழுத்தம் போதாது, மூச்சையும் உடனே தொடங்க வேண்டும். ஆஸ்துமாவில் காற்று உள்ளே சிக்கி மார்பு உப்பும் என்பதால் மூச்சு வெளியேற நேரம் கொடுங்கள்.

விபத்தில் கழுத்து அடிபட்டிருக்கலாம் என்றால் தலையைச் சாய்க்காமல் தாடையை மட்டும் தூக்குங்கள். அதில் பாதை திறக்கவில்லை என்றால் சாய்த்துதான் ஆக வேண்டும், மூச்சில்லாமல் கழுத்தைக் காப்பாற்றிப் பயனில்லை.

கர்ப்பிணி: கர்ப்பப்பை தொப்புள் அளவுக்கு வந்திருந்தால் ஒருவர் அதை இடது பக்கம் தள்ளிப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். ட்யூப் கஷ்டமாக இருக்கும், வாந்தி எளிதில் வரும், ஆகவே அனுபவசாலிதான் கையை வைக்க வேண்டும். மகப்பேறு டாக்டரை முதல் நிமிடத்திலேயே கூப்பிடுங்கள், பல்ஸ் திரும்பாவிட்டால் 5 நிமிடத்துக்குள் குழந்தையை எடுப்பது தாய்க்கும் நல்லது.

கழுத்தில் துளை உள்ளவர்: குரல்வளையை முழுதாக எடுத்தவருக்கு வாய்க்கும் நுரையீரலுக்கும் தொடர்பே இல்லை. முகத்தில் மாஸ்க் வைத்து எவ்வளவு அமுக்கினாலும் வீண். குழந்தைகளுக்கான சின்ன மாஸ்க்கைத் துளையின் மேல் வைத்து மூச்சு கொடுங்கள்.

13. பல்ஸ் திரும்பிய பிறகு

எல்லோரும் பெருமூச்சு விடும் இந்த நேரத்தில்தான் பேக் வேகமெடுக்கிறது, ட்யூப் வெளியே வருகிறது. நிமிடத்துக்கு 10 மூச்சிலேயே தொடருங்கள். கார்பன் டை ஆக்சைடு அதிகம் குறைந்தால் மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்கள் சுருங்கும். ஆக்சிமீட்டர் நம்பும்படி காட்டத் தொடங்கியதும் 94 முதல் 98 சதவீதம் போதும், அதற்கேற்ப ஆக்சிஜனைக் குறைக்கலாம். அதற்கு முன் குறைக்க வேண்டாம். 12 லீட் இ.சி.ஜி., ரத்த அழுத்தம் எல்லாம் டீமில் மற்றவர்கள் பார்ப்பார்கள்.

ஐ.சி.யூ.வுக்கு நகர்த்துவதற்கு முன் ட்யூபின் செ.மீ. குறியைச் சத்தமாகச் சொல்லி கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள். பேக்கை ட்யூபில் தொங்க விடாதீர்கள், அதன் எடையே இழுத்துவிடும். கட்டிலில் இருந்து ட்ராலிக்கு மாற்றும்போது பேக்கைக் கழற்றி, மாற்றியதும் மாட்டுவது பாதுகாப்பு. மாற்றிய பிறகு இரண்டு பக்கமும் மறுபடி ஸ்டெத் வைத்துக் கேளுங்கள்.

சிலிண்டரில் எவ்வளவு இருக்கிறது என்று லிஃப்டுக்குள் நுழைந்த பிறகு பார்ப்பவர்கள் உண்டு. நிறைந்த பி டைப் சிலிண்டரில் சுமார் 1,500 லிட்டர் இருக்கும். நிமிடத்துக்கு 15 லிட்டர் என்றால் 100 நிமிடம். முள் கால்வாசியில் நின்றால் 25 நிமிடம்தான். லிஃப்ட் காத்திருப்பு, ஐ.சி.யூ. வாசலில் படுக்கை தயாராகும் நேரம், நடுவில் ஸ்கேன் எடுத்துவிட்டுப் போகலாம் என்று யாராவது சொல்வது எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்குப் போட்டு, போதாது என்று தோன்றினால் வார்டில் இருந்தே இன்னொரு சிலிண்டரை ஏற்றிக்கொண்டு கிளம்புங்கள். சாவியையும் எடுத்துக்கொள்ளுங்கள்.